இது உங்களுக்கு எப்படித் தெரியும்?

(அறக்கட்டளைச் சொற்பொழிவு – அச்சு வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் பெரிய தலைப்பாக எடுத்துக்கொள்வது நம் ஊர் வழக்கம். 'அன்று முதல் இன்று வரை' என்று முடியும் தலைப்புகளாகவே அழைப்பிதழ்களில் பார்த்துவருகிறோம். நான் கேட்டு வாங்கிக்கொண்ட தலைப்பு சிறியது. வகுப்பில் செமினார் எடுப்பது எப்படி என்பதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் பருவந்தோறும் செய்தாக வேண்டிய வேலை அது. இன்டர்னல் மார்க்கில் அதற்கு ஒரு பங்கும் உண்டு. ஆனால் செய்முறையை யாரும் சொல்லித் தருவதில்லை. ரோல் நம்பர்படி பெயரையும் தலைப்பையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டால் துறையின் கடமை தீர்ந்தது. முதல் நாள் இரவு நாலு பக்கம் தயாராகும். மறுநாள் அது வாசிக்கப்படும். வாசிப்பவரும் கேட்கமாட்டார், கேட்பவரும் கேட்கமாட்டார்.

நம்மவர்களுக்கு இந்த வேலையின் மதிப்பு தெரியாமல் இல்லை. 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், பாடம் கேட்பதைப் பற்றிப் பாயிரத்தில் ஒரு கணக்குப் போடுகிறார். ஆசிரியர் சொன்னதை ஒருவன் எவ்வளவு கவனமாகக் கேட்டாலும் புலமையில் கால் பங்குதான் சேரும். உடன் படிப்பவர்களோடு பழகிப் பேசுவதில் இன்னொரு கால். மீதி அரை, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வந்து சேரும். நம் பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுக்கள் பவணந்தியாரைக் கேட்டிருந்தால் செமினாருக்கு 50 மதிப்பெண் ஒதுக்கியிருக்க வேண்டும்!

பொதுப்படையாகச் சொல்லிக்கொண்டு போனால் காற்றில் கத்தி வீசுவதாகிவிடும். ஒரு தலைப்பை எடுத்துக்கொள்வோம். நாம் கூடியிருப்பது சேலத்தில். ஆகவே தாது வருஷப் பஞ்சம். 1876இல் தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூரையும் பம்பாய்த் தக்காணத்தையும் ஐதராபாத்தையும் வாட்டிய பஞ்சம். ஒரு மாணவிக்கு இந்தத் தலைப்பு விழுந்திருக்கிறது, நேரம் 15 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அவர் என்ன செய்வார்? கைபேசியை எடுப்பார். விக்கிப்பீடியா வரும். இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் வந்துவிட்டதால் '15 நிமிட உரை வேண்டும்' என்று கேட்டால் முன்னுரை, காரணங்கள், விளைவுகள், முடிவுரை என்று உடனே எழுதிக்கொடுத்துவிடும். அதைத் திட்டுவதற்காக நான் இங்கே நிற்கவில்லை. தேடலைத் தொடங்க அதுவும் ஒரு வாசல். ஆனால் அப்படி வரும் உரை எல்லாத் தலைப்புக்கும் ஒரே முகமாக இருப்பதைக் கவனியுங்கள். காரணங்கள், விளைவுகள், அரசின் நடவடிக்கைகள். எந்தப் பஞ்சத்துக்கும் பொருந்தும். புயலுக்கும் பொருந்தும்.

'தாது வருஷப் பஞ்சம்' என்பது தலைப்பு மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு உரை எழுத முடியாது. கேள்வி வேண்டும். தலைப்பு கேள்வியாக மாறும்வரை நூலகத்தில் உட்கார்ந்திருப்பதுதான் தயாரிப்பின் பெரும்பகுதி என்பேன். நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தானியம் கொடுப்பது என்று யார் முடிவு செய்தார்கள்? அந்த அளவை எதிர்த்தவர் யார், எந்த அடிப்படையில்? இது கேள்வி. 15 நிமிடத்துக்குள் அடங்கும். விடை தேடிப்போனால் மனிதர்கள் எதிர்ப்படுவார்கள்.

அப்படி எதிர்ப்படும் முதல் ஆள் சர் ரிச்சர்ட் டெம்பிள். 1873–74இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசி தருவித்து மக்களைக் காப்பாற்றியவர். அதற்காகப் பணத்தை வாரியிறைத்தார் என்ற ஏச்சும் கிடைத்தது. அதே டெம்பிளை 1877 தொடக்கத்தில் வைசிராய் லிட்டன் செலவைக் கட்டுப்படுத்தத் தெற்கே அனுப்பிவைத்தார். இங்கே வந்தவர், நாள் முழுவதும் மண் வெட்டும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் அதற்கு மேல் கொஞ்சம் சில்லறையும் போதும் என்றார். பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அதைவிடக் குறைவு. 'டெம்பிள் கூலி' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. எதிர்த்து எழுதியவர் சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் மருத்துவர் கார்னிஷ். வேலை செய்கிறவனுக்கு ஒன்றரைப் பவுண்டு தானியமாவது வேண்டும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்பது அவர் வாதம். 1877 மார்ச்சில் சென்னை அரசு ஒன்றேகால் பவுண்டும் கொஞ்சம் பருப்பும் என்று இறங்கிவந்தது. டெம்பிளுக்கும் கார்னிஷுக்கும் நடுவில் பேரம் படிந்த மாதிரி.

இதெல்லாம் எங்கே கிடைக்கிறது? வில்லியம் டிக்பி 1878இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட பஞ்ச வரலாறு இருக்கிறது. 1880இல் வந்த பஞ்ச ஆணைய அறிக்கை இருக்கிறது. சேலத்துக்காரர்களுக்கு 1883இல் லெ ஃபானு தொகுத்த சேலம் மாவட்டக் கையேடு இருக்கிறது. பழைய நூல்கள் பலவும் மின்வடிவில் கிடைக்கும் காலம் இது. தமிழ்ச் சான்றுகளுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் தேடலாம், சென்னை போனால் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் உட்காரலாம். சிவகங்கைப் புலவர் வில்லியப்ப பிள்ளையின் 'பஞ்சலட்சணத் திருமுக விலாசம்' இந்தப் பஞ்சத்தை வைத்து எழுந்த நையாண்டி நூல். பஞ்சக் கும்மிகளும் உண்டு. அரசு அறிக்கைகள் பேசாத பல செய்திகள் இவற்றில் இருக்கும்.

செமினார்களில் அடிக்கடி காதில் விழும் ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். பஞ்சம் என்றதும் நல்லதங்காள் வந்துவிடுவாள். தாது வருஷப் பஞ்சத்தில் நடந்த கதை என்று ஆண்டும் போட்டுவிடுவார்கள். கதைக்குள் பஞ்சம் இருக்கிறது, உண்மைதான். அது எந்த ஆண்டுப் பஞ்சம் என்பதற்கு அந்தக் கதையே சான்றாகிவிடாது.

இப்போது எண்களுக்கு வருவோம். செமினார்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கிறேன்.

'இந்தப் பஞ்சத்தில் 55 லட்சம் பேர் இறந்தார்கள்' என்று ஒரு மாணவர் சொல்கிறார். யார் எண்ணியது? எந்தெந்தப் பகுதியைச் சேர்த்து எண்ணியது? 2001இல் மைக் டேவிஸ் எழுதிய புகழ்பெற்ற நூலில் 1876–79 இந்தியச் சாவுகளுக்கு மூன்று மதிப்பீடுகள் ஒரே அட்டவணையில் இருக்கின்றன. சீவாய் 61 லட்சம் என்கிறார், மகரத்னா 82 லட்சம், டிக்பி ஒரு கோடியே 3 லட்சம். சிறியதற்கும் பெரியதற்கும் நடுவில் 40 லட்சத்துக்கு மேல் வித்தியாசம். இதில் ஏதோ ஒன்றை மட்டும் எடுத்து, யாருடைய கணக்கு என்று சொல்லாமல் மேடையில் வைப்பது, விலாசம் எழுதாத கடிதத்தைத் தபால் பெட்டியில் போடுவது மாதிரி.

இன்னொரு மாணவர் கெட்டிக்காரர். மக்கள்தொகைக் கணக்கையே எடுத்துவிட்டார். 1871இல் சென்னை மாகாணத்தில் ஏறத்தாழ 3.12 கோடிப் பேர். 1881இல் 3.08 கோடி. கழித்துப் பார்த்து, '4 லட்சம் பேர் இறந்தார்கள்' என்று எழுதிக்கொண்டார். கழித்தல் சரி, முடிவு தவறு. பஞ்சம் வராமல் இருந்திருந்தால் அந்தப் பத்து ஆண்டில் மக்கள்தொகை கூடியிருக்கும். கூட வேண்டியது கூடாமல் போனது, பிறக்க வேண்டியவர்கள் பிறக்காமல் போனது, கடல் தாண்டிப் போனவர்கள், எல்லாம் அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் மறைந்திருக்கின்றன. இப்போது பழைய சேலம் மாவட்டத்தைப் பாருங்கள். இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரி, நாமக்கல் பக்கங்களையும் அடக்கிய மாவட்டம் அது. 1871இல் 19.67 லட்சம், 1881இல் 16 லட்சம். கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவரைக் காணவில்லை. மாகாணம் முழுவதற்கும் சேர்த்து 4 லட்சம் குறைந்திருக்கிறது என்றால், இந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 3.67 லட்சம் குறைந்திருக்கிறது. வேறு சில மாவட்டங்கள் கூடியதால்தான் மாகாணக் கணக்கில் பள்ளம் அவ்வளவு சிறிதாகத் தெரிகிறது. சேலத்துக் கல்லூரியில் பேசும் மாணவி மாகாண எண்ணைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் வகுப்பு கொட்டாவி விடும். மாவட்ட எண்ணைச் சொல்லட்டும், கடைசி பெஞ்சும் நிமிரும்.

அந்த 3.67 லட்சமும் சாவுதானா என்றால், இல்லை. பஞ்ச காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூட்டம் கூட்டமாகப் போனார்கள். இதையும் சேர்த்துச் சொல்பவர்தான் ஆய்வுரை ஆற்றுகிறார். எண்ணை மட்டும் உரக்கச் சொல்வது மேடைப் பேச்சு.

மேடைப் பேச்சை நான் குறைத்துப் பேசவில்லை. அடுக்குமொழியில் வளர்ந்த நாடு இது. பட்டிமன்றத்தில் பயிற்சி பெற்ற பிள்ளைகள் ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்கிறார்கள், குரல் மணியாக ஒலிக்கும். அவர்களுக்குத்தான் செமினார் கடினம். எதுகை மோனை சரளமாக வரும் வாய்க்குச் சான்று இல்லாத இடத்தையும் அழகாகக் கடந்துபோகத் தெரியும். கைதட்டல் விழும்போது யாரும் சந்தேகம் கேட்பதில்லை.

கட்டுரையைப் படிப்பவருக்குச் சந்தேகம் வந்தால் முன்பக்கம் புரட்டுவார், அடிக்குறிப்பைப் பார்ப்பார். கேட்பவர் கையில் புரட்டுவதற்கு ஏடு கிடையாது. ஆகவே கட்டுரையில் பக்கத்தின் அடியில் இருப்பதை உரையில் வாயால் சொல்லியாக வேண்டும். நான் இன்று சொல்ல வந்தது அடிப்படையில் இவ்வளவுதான். 'இது உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்பவர் மனசுக்குள் எழும் கேள்விக்கு, அது எழுந்த இடத்திலேயே விடை வந்துவிட வேண்டும். கடைசி ஸ்லைடில் பொடி எழுத்தில் நூற்பட்டியல் போடுவது விடையாகாது.

அதற்காக நூற்பெயர், பதிப்பகம், பக்க எண் எல்லாவற்றையும் ஒப்பிக்கச் சொல்லவில்லை. ஒரு வாக்கியம் போதும். 'டிக்பி சொல்கிறார்' என்று மட்டும் சொன்னால் டிக்பி யார் என்று வகுப்புக்குத் தெரியாது. 'அந்தப் பஞ்சத்தின்போது சென்னையில் நாளிதழ் ஆசிரியராக இருந்தவர், நிவாரண நிதிக் குழுவுக்குச் செயலாளராகவும் இருந்தவர் டிக்பி. பஞ்சம் ஓய்ந்த கையோடு 1878இல் எழுதுகிறார்' என்று சொல்லிப் பாருங்கள். ஆள் யார், எங்கே நின்றார், எப்போது எழுதினார் என்ற மூன்றும் வந்துவிட்டன. கூடவே இன்னொன்றும் தானாக வந்துவிட்டது: அவர் நிவாரணப் பணியில் கலந்துகொண்டவர், ஒதுங்கி நின்று பார்த்தவர் இல்லை என்பது. கேட்பவர் அதற்கேற்பத் தராசுத் தட்டை ஏற்றி இறக்கிக்கொள்வார். டெம்பிளை மேற்கோள் காட்டும்போதும் அப்படித்தான். செலவைக் குறைக்க அனுப்பப்பட்டவர் என்பதைச் சொல்லாமல் அவர் கணக்கைச் சொல்வது முறையாகாது.

இப்போது ஒரு காட்சி. என் வகுப்பில் இதே கேள்வியை எடுத்துக்கொண்ட மாணவி ஒருவர் பிபிடி போடவில்லை. ஒரு எவர்சில்வர் தட்டில் அரிசி கொண்டுவந்தார். மளிகைக் கடையில் 450 கிராம் நிறுத்து வாங்கியது, அதாவது ஏறத்தாழ ஒரு பவுண்டு. தட்டை முன்வரிசையில் கொடுத்துக் கைமாற்றச் சொன்னார். அவர் எதிர்பார்த்தது அனுதாபம். வந்தது வேறு. 'மேடம், இது நிறைய இருக்கே! எங்க வீட்ல ஒரு வேளைக்கு இவ்வளவு வடிச்சா நாலு பேர் சாப்பிடுவோம்' என்றான் ஒருவன். வகுப்பு சிரித்தது. பலர் அங்கேயே குழம்பிப்போயிருப்பார்கள். அந்தப் பெண் தயாராக வந்திருந்தார். கரும்பலகையில் எழுதினார்: 450 கிராம் அரிசி, ஏறத்தாழ 1,550 கலோரி. அதற்குக் கீழே: நாள் முழுக்க மண் வெட்டிச் சுமக்கும் ஆணுக்குத் தேவை, 3,000க்கும் மேல். பிறகு சிரித்த பையனைப் பார்த்து, 'உங்க வீட்ல சாம்பார் உண்டா?' என்று கேட்டார். பருப்பு, எண்ணெய், காய், மோர் எதுவும் இல்லாத தட்டு அது. கார்னிஷ் பருப்பையும் காய்கறியையும் ஏன் கேட்டார் என்பதை அதன் பிறகு விளக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

பொருளைக் காட்டுவது நல்லது, படத்தைக் காட்டுவதும் நல்லது. ஆனால் காட்டுகிற பொருள் நாம் நினைத்ததையே சொல்லும் என்று நம்பிவிடக் கூடாது. தாது வருஷப் பஞ்சத்தின் புகைப்படங்கள் இணையத்தில் நிறைய. எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருப்பவர்கள். அவற்றில் பல, சென்னைப் படையில் அதிகாரியாக இருந்த ஹூப்பர் என்பவர் ஆட்களை வரிசையாக உட்காரவைத்து எடுத்தவை. அதே படங்கள் 1943 வங்கப் பஞ்சம் என்ற பெயரிலும் சுற்றுகின்றன. யார் எடுத்தது, எந்த ஆண்டு, எந்த ஊர் என்று சொல்லமுடியாத படத்தை ஸ்லைடில் ஏற்றாதீர்கள். இறந்துகொண்டிருந்த ஒருவரின் முகம் அது, அலங்காரத்துக்குப் போடும் பூ இல்லை.

நூல்களைப் பார்த்தாயிற்று, கேள்வி கிடைத்தாயிற்று. எழுதும்போது சேர்த்ததெல்லாம் உள்ளே வர அடம் பிடிக்கும். கஷ்டப்பட்டுத் தேடியதை விட மனசு வராது. நன்னூல் நூலுக்குரிய பத்துக் குற்றங்களை எண்ணிச் சொல்கிறது. அவற்றில் 'மற்றொன்று விரித்தல்' என்பதும் 'சென்று தேய்ந்து இறுதல்' என்பதும் செமினாருக்கென்றே எழுதிவைத்தவை போலத் தோன்றும். கூலியைப் பற்றிப் பேச வந்தவர், 1877 ஜனவரி டெல்லி தர்பாருக்குப் போய், அங்கிருந்து விக்டோரியா மகாராணிக்குப் போய், திரும்பி வருவதற்குள் மணி அடித்துவிடும். பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது, அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் அதற்கு வந்தது. சுவையான செய்திதான். சென்னை மாணவர் பேசினால் அதையே நடுவில் வைக்கலாம். சேலத்து உரையில் அதற்கு ஒரு வரிக்கு மேல் இடமில்லை.

எண்கள் மூன்றுக்கு மேல் வேண்டாம். காது அதற்கு மேல் தாங்காது. (கட்டுரையாக எழுதித் தருவதில் முப்பது வைத்துக்கொள்ளுங்கள், யாரும் கேட்கமாட்டார்கள். நான் இன்று மூன்றைத் தாண்டிவிட்டேன், என்னிடம் அறுபது நிமிடம் இருக்கிறது என்ற தைரியத்தில்.) வாக்கியம் ஒரு மூச்சில் முடிய வேண்டும். எழுதியதை நண்பர் ஒருவர் முன்னால் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எங்கே நாக்கு இடறுகிறதோ அங்கே வாக்கியம் சரியில்லை, பெரும்பாலும் அங்கே புரிதலும் சரியில்லை.

பேசும் நாளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அவையோரை வணங்கி, குறள் ஒன்றைச் சொல்லி, தலைப்பின் பெருமையைப் பேசி மூன்று நிமிடத்தைக் கரைக்க வேண்டாம், கேள்வியிலேயே தொடங்குங்கள். சுவரில் விழும் ஸ்லைடைப் பார்த்து வாசிப்பவர் வகுப்புக்கு முதுகைத்தான் காட்டுகிறார். கையளவு அட்டையில் குறிப்பு வைத்துக்கொள்ளலாம், அதில் வெட்கம் இல்லை. கை நடுங்கினாலும் பரவாயில்லை, எதிரே இருப்பவர்களுக்கு அடுத்த வாரம் அதே நடுக்கம் காத்திருக்கிறது.

முடித்ததும் கேள்வி நேரம். மாணவர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான், நண்பர்களிடம் 'எதுவும் கேட்டுத் தொலைக்காதே' என்று முன்கூட்டியே கெஞ்சி வைப்பதும் எனக்குத் தெரியும். கேள்வி வந்தால் உரை காதில் விழுந்திருக்கிறது என்று பொருள். 'நான் பார்த்த நூல்களில் இதற்கு விடை இல்லை, இன்ன நூலில் இருக்கலாம்' என்று சொல்வதும் முழுமையான விடை. ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மேடையில் நிற்கும் பிள்ளையை மடக்குவதற்காகக் கேட்காதீர்கள். உங்களுக்கு உண்மையிலேயே விடை தெரியாத ஒன்றைக் கேளுங்கள்.

அப்படி ஒரு கேள்வி என்னிடமும் இருக்கிறது. 1881இல் 16 லட்சமாகச் சுருங்கிய சேலம் மாவட்டம் 1891இல் ஏறத்தாழ 19.6 லட்சம். பத்தே ஆண்டில் பழைய அளவைத் தொட்டுவிட்டது. 3.6 லட்சம் பேர் எங்கிருந்து வந்தார்கள்? அவ்வளவும் பிறப்பா? இலங்கைக்கும் மைசூருக்கும் போனவர்கள் திரும்பினார்களா? பஞ்சம் ஓய்ந்து மூன்றே ஆண்டுக்குள் எடுத்த 1881 கணக்கே குறைவாக எண்ணப்பட்டதா? மூன்று கணக்கெடுப்பு அறிக்கைகளையும் லெ ஃபானுவின் கையேட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வட்டம் வட்டமாகப் பார்த்தால் 15 நிமிட உரைக்குப் போதுமானது கிடைக்கும் என்று நினைக்கிறேன். அடுத்த பருவத்துக்கு இன்னும் தலைப்பு ஒட்டவில்லை என்று துறைத் தலைவர் சொன்னார். யார் எடுத்துக்கொள்கிறீர்கள்?